மாதிரிப் பெட்டியின் மூடி

லுவோ சுய்லியனுக்கு மூடியைத் திறந்து மூடுவதுதான் வேலை. கேட்டால் சிரிப்பீர்கள். ஹுனானில், ஊரில், அவள் கொழுந்தன் மனைவியும் சிரித்தாள். "அதுக்கு எதுக்கு ரயிலேறி அவ்வளவு தூரம் போகணும்? நம்ம வீட்டு அரிசிப் பானைய நாள் முழுக்கத் தொறந்து மூடிக்கிட்டு இருக்கலாமே" என்றாள். சுய்லியன் பதில் சொல்லவில்லை. ஷென்சென் ஆலைகளில் பதினான்கு ஆண்டு ஐந்து மாதம் கழித்தவளுக்குப் பதில் சொல்வதும் இன்னொரு வேலையாகத்தான் பட்டது.

அவள் இருந்த தொழிற்கூடம் ஒரு பழைய கட்டடத்தின் ஆறாவது மாடி. அங்கே செய்வது விளையாட்டுப் பெட்டி. பழைய காலத்து வீடியோ கேம்களை ஆடுகிற, உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. பர்ஸ் மாதிரி மடியும். மேல் பாதியில் திரை, கீழ்ப் பாதியில் பொத்தான்கள், நடுவில் ஒரு கீல். முப்பது வருஷத்துக்கு முன்னால் பையன்களாக இருந்தவர்கள், வழுக்கை விழுந்த பிறகு இதை ஆசை ஆசையாக வாங்குகிறார்கள். உலகத்தில் எந்த மூலையில் வாங்கினாலும் அது புறப்பட்ட இடம் பெரும்பாலும் இந்தத் தெருக்கள்தான்.

சென்ற செப்டம்பரில் முதல் பெட்டி தயாரானபோது முதலாளி ஜுவோ ஒரு வழக்கத்தைச் செய்தார். எந்தப் புதுப் பொருள் வந்தாலும் செய்வார். வாசலோரம் தரையில் இருக்கும் பூமி சாமிக்கு மூன்று ஊதுவத்தி ஏற்றிவிட்டு, பொருளை ஆளாளுக்குக் கையில் கொடுப்பார். தொட்டதும் தோன்றிய முதல் எண்ணத்தை மஞ்சள் சீட்டில் ஒரே வரியில் எழுத வேண்டும். அவர் தேநீருக்குப் பேர்போன சாவ்ஷான் பக்கத்துக்காரர், கட்டைவிரல் உயரக் கோப்பைகளில் தேநீரை ஊற்றி ஊற்றி நீட்டிக்கொண்டே பேசுவார்.

"யோசிக்காதீங்க. யோசிச்சா பொய்தான் வரும். தொட்டீங்க, என்ன தோணுச்சு? அத எழுதுங்க."

கணக்குப் பார்க்கிறவர் 'அழகு' என்று எழுதினார். வெளிநாட்டு விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் யாவ், 'மூடும்போது வரும் டக் சத்தம் காதுக்கு இதம்' என்று எழுதினாள். சுய்லியன் அப்போது நின்றபடி பற்றவைக்கும் சாலிடர் வரிசையில் இருந்தாள். அவள் எழுதியது: 'மூடி இறுக்கம். கட்டைவிரல் வலிக்கிறது.'

முதலாளி சீட்டுகளை எல்லாம் சுவரில் குத்திவிட்டு, அவளுடையதை மட்டும் இரண்டு முறை படித்தார். "எல்லாரும் எனக்கு சோப்புப் போட்டிருக்கீங்க. லுவோ அக்கா ஒருத்திதான் பொருளப் பாத்திருக்கா. இந்த இறுக்கந்தான் எனக்கு வேணும். பெட்டிய எந்தச் சாய்வுல விட்டாலும் மூடி அங்கயே நிக்கணும். அக்கா, நாளையிலிருந்து நீ கீல் பாரு" என்றார். அப்படித்தான் அவளுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தது. இடுப்பு எலும்பு தேய்ந்துபோன பெண்ணுக்கு நாற்காலி கிடைப்பது லேசுப்பட்ட விஷயமில்லை.

பன்னிரண்டு பெட்டிகளைத் திறந்து மூடிப் பார்த்து, அவற்றில் ஒன்றைச் சுய்லியன் பொறுக்கினாள். அதன் முதுகில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, முதலாளி ஒரு கையெழுத்து, அவள் ஒரு கையெழுத்து, பக்கத்தில் தேதி. அதுதான் மாதிரிப் பெட்டி. எந்த ஆலையிலும் இப்படி ஒன்று பூட்டிய இழுப்பறையில் இருக்கும். இங்கே சாவி அவளிடம். ஐம்பது பெட்டிக்கு ஒரு தடவை மாதிரியை எடுத்து ஒருமுறை திறந்து மூடி, விரலுக்கு நினைவூட்டிக்கொண்டு, மறுபடி வேலையைத் தொடர வேண்டும். மாதிரியைவிடத் தளர்ந்திருந்தாலும் இறுகியிருந்தாலும் சிவப்புக் கூடை. கூடை நிறைந்தால் காரணம் எழுதிய சீட்டோடு இரண்டாவது மாடியில் இருக்கும் கீல் பட்டறைக்குத் திரும்பிப் போகும். கீலின் விசையை எண்ணாக அளக்கக் கருவி இருக்கிறது. பெரிய ஆலைகளில் வைத்திருக்கிறார்கள். இங்கே கட்டைவிரலே சம்பளத்துக்குக் கிடைத்ததால் கருவி வாங்கவில்லை.

பன்னிரண்டரைக்கு விளக்கு அணையும். சோறு தின்ற கையோடு எல்லோரும் மடக்குக் கட்டிலை விரித்துப் படுப்பார்கள். கட்டில் இல்லாதவர்கள் மேசையில் தலை சாய்ப்பார்கள். இரண்டு மணி வரை ஆலை முழுக்கக் குறட்டைதான். சுய்லியனுக்கு மட்டும் தூக்கம் வராது. படுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். குனிந்து சாய்ந்தால் கால் மரத்துப்போகும். ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய்த் தொக்குப் புட்டியை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அக்டோபரில் ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தவள், இழுப்பறையைத் திறந்து மாதிரிப் பெட்டியை எடுத்தாள். சத்தத்தைக் குறைத்துவிட்டு ஆன் செய்தாள்.

மாதிரியில் ஆடக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நாற்பத்தொன்பது வயதுப் பெண் அப்படிச் செய்வாள் என்று யாருக்காவது தோன்றியிருந்தால் எழுதியிருப்பார்கள்.

அவள் ஆடியது ஒரே ஆட்டம். மேலிருந்து கட்டைகள் விழும். திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் மறைந்துவிடும். எவ்வளவு அழகாக அடுக்கினாலும் மிச்சம் இருக்கப்போவது ஒன்றுமில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. காலையிலிருந்து மாலை வரை அவள் செய்து முடித்ததெல்லாம் மறுநாள் காலையில் அதே உயரத்துக்கு மேசையில் குவிந்து கிடக்கும். இங்கே குறைந்தபட்சம் கண் முன்னால் மறைந்தது. மகளின் மாமியார் பேச்சு, ஷின்ஜியாங்கில் கட்டட வேலையில் இருக்கும் கணவனின் இருமல், இடுப்பு, எல்லாம் அந்த நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டன.

காலடிச் சத்தம் கேட்டால் மூடியைச் சாத்துவாள். மூடினால் ஆட்டம் அப்படியே நிற்கும். திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நாளாக நாளாக ஆடாத நேரத்திலும் அவள் விரல் சும்மா இருக்கவில்லை. மாதிரியைக் கையில் எடுத்தால் ஒருமுறையோடு வைக்க மாட்டாள். திற, மூடு, திற, மூடு. சிலர் காலை ஆட்டுவது போல, சிலர் நகம் கடிப்பது போல. வரிசைத் தலைவன் அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம், "லுவோ அக்காவப் பாத்துக் கத்துக்கோங்கடா. ஒரு பெட்டிக்கு நாலு தடவ மாதிரியத் தொட்டுப் பாக்கறா" என்று மெச்சிக்கொண்டான்.

சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்ததிலிருந்து, புதிதாக வரும் கீல்கள் அவளுக்கு இறுக்கமாகப் பட்டன. மாதிரியைத் திறந்தாள், மெத்தென்று வந்தது. புதியதைத் திறந்தாள், முரண்டு பிடித்தது. 'இறுக்கம் அதிகம்' என்று எழுதிக் கீழே அனுப்பினாள். அடுத்த கூடை. மறுபடி 'இறுக்கம் அதிகம்'.

ஏப்ரலில், சுவரெல்லாம் வியர்த்துக் கொட்டிய ஒரு நாளில், கீல் பட்டறைக்காரி பான் மேலே ஏறி வந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு ஆள் வைத்து நடத்தும் பட்டறை அது. பான் குள்ளம், கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு, வாயில் நெருப்பு.

"என்ன லுவோ அக்கா, உன் விரலுக்கு வயசாயிடுச்சா? அதே ஸ்பிரிங், அதே கை. போன வருஷம் இனிச்சது இந்த வருஷம் கசக்குதா?"

"என்கிட்ட சண்ட போடாத. இந்தா மாதிரி. நீயே தொட்டுப் பாரு" என்று சுய்லியன் பெட்டியை அவள் முன்னால் வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனாள். அங்கே எப்போதும் வரிசை. திரும்பி வர அரை மணி ஆயிற்று. பான் அதே இடத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கியிருந்தது.

"இது இப்படியா இருந்துச்சு?"

"பின்னால கையெழுத்து இருக்கு பாரு."

"கையெழுத்து இருக்கு. சரி, உன் சட்டம்." பான் கீழே போய் ஸ்பிரிங்கைத் தளர்த்தினாள். அடுத்த கூடையில் கீல்கள் மெத்தென்று வந்தன. சுய்லியன் எல்லாவற்றையும் பச்சைக் கூடையில் போட்டாள்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதலாளி எல்லோரையும் கூப்பிட்டார். தேநீர் இல்லை. அதிலிருந்தே தெரிந்துவிட்டது. பெரிய திரையில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன். இந்தப் பெட்டியை முதன்முதலாகக் கையில் எடுத்து, தோன்றியதைச் சொல்லும் வீடியோ. ஒரே நாளில் ஆறு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். யாவ் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள்.

"நிறம் அழகா இருக்குங்கறான். பொத்தான் பிரமாதம்ங்கறான். திரை இந்த விலைக்கு நம்ப முடியலயாம்." அவள் குரல் இறங்கியது. "மூடியப் பத்திச் சொல்றான்..."

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவன் பெட்டியைத் திறந்து மடியில் வைத்தான். மூடி மெதுவாகப் பின்னால் சாய்ந்து படுத்தது. நிமிர்த்தினான். படுத்தது. மறுபடி நிமிர்த்தினான். அறையில் யாரோ தெரியாமல் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள்.

"வேலை முடிஞ்சு வந்த ஆள் மாதிரி சாயுதுங்கறான்" என்றாள் யாவ்.

முதலாளி கீழே ஆள் அனுப்பிப் பான் வரும்படி சொன்னார். வந்தவள் வெறுங்கையோடு வரவில்லை. எட்டுச் சீட்டுகளை மேசையில் பரப்பினாள். எட்டும் சுய்லியன் கையெழுத்து. இறுக்கம் அதிகம், இறுக்கம் அதிகம், இறுக்கம் அதிகம்.

"தளர்த்துன்னு சொன்னது நீங்க. தளர்த்தினேன். இப்ப என் மேல பாயறீங்க?"

முதலாளி சுய்லியனைப் பார்த்தார். அவள் இழுப்பறையிலிருந்து மாதிரியைக் கொண்டுவந்தாள். அவர் அதைத் திறந்து மேசையில் சாய்த்து வைத்தார். மூடி மெதுவாகப் பின்னால் போய்ப் படுத்தது. அவர் அதைத் திருப்பித் தன் கையெழுத்தைப் பார்த்தார். மறுபடி திறந்தார்.

"இது நான் கையெழுத்துப் போட்ட கீலே இல்ல. எவனோ மாத்தியிருக்கான்." நிமிர்ந்தார். "பான், நீ ஏப்ரல்ல வந்தப்ப இத அர மணி நேரம் தனியா வெச்சுக்கிட்டு இருந்தேன்னு வரிசைத் தலைவன் சொல்றான். அப்ப மாத்தினியா?"

"நான் எதுக்கு மாத்தறேன்?"

"மட்டமான ஸ்பிரிங்க என் தலைல கட்டத்தான். மாதிரியே மட்டம்னா அப்புறம் யார் கேக்க முடியும்?"

பானின் வாயில் இருந்த நெருப்பு அணைந்துவிட்டது. முதலாளி போனை எடுத்தார். சுற்றுவட்டாரத்துச் சிறு ஆலை முதலாளிகள் முந்நூறு பேர் இருக்கும் குழு அதில் இருக்கிறது. 'இந்தப் பட்டறை மாதிரியை மாற்றுகிறது' என்று அதில் ஒரு வரி விழுந்தால் போதும். பானுக்கு அதன்பிறகு இந்தப் பாவோவான் வட்டாரத்தில் ஒருவர்கூட ஒரு கீல் செய்யச் சொல்ல மாட்டார். அவர் கட்டைவிரல் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டியது.

சுய்லியன் சுவரைப் பார்த்தாள். பூமி சாமிக்கு மேலே சீட்டுகள் பத்து மாத ஈரத்தில் சுருண்டு கிடந்தன. அவள் எழுதியது அங்கேயே இருந்தது. மூடி இறுக்கம். கட்டைவிரல் வலிக்கிறது. விரல் கடைசியாக எப்போது வலித்தது என்று யோசித்துப் பார்த்தாள். குளிர்காலத்துக்கு முன்பே நின்றுவிட்டது. விரலுக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். பழகியது விரல் மட்டுமில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இன்னும் ஏழு மாதம். பதினைந்து ஆண்டு நிறைந்தால் ஓய்வூதியம். நிறையாமல் வெளியே போனால் மாதாமாதம் கட்டிய பணம் அப்படியே தொங்கும். இந்த வயதில் வேறு இடம் கிடைக்காது. நாற்பத்தைந்துக்கு மேல் வேண்டாம் என்று ஆலை வாசல்களில் அட்டையே தொங்குகிறது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், யாருக்கும் தெரியாது. அவள் உண்மையிலேயே வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள். முதலாளி இரண்டு வரி தட்டி முடிக்கிற வரைக்கும் நின்றாள். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

பிறகு, "முதலாளி, அனுப்பாதீங்க" என்றாள்.

"என்ன?"

"யாரும் மாத்தல. அது அதே கீல்தான். நான் தொறந்து தொறந்து மூடி தேஞ்சு போச்சு."

"ஐம்பது பெட்டிக்கு ஒரு தடவ தொறந்தா கீல் தேயுமா? அவளுக்குப் பரிஞ்சு பேசாத."

"மத்தியானம் எல்லாரும் தூங்கறப்ப ஆடினேன். தினமும். ஆன் பண்ணிப் பாருங்க. எவ்வளவு நேரம் ஆடியிருக்குன்னு அதுலயே இருக்கும்."

அவர் ஆன் செய்தார். ஆட்டங்களின் பட்டியலில் ஒன்றே ஒன்றின் பக்கத்தில் மட்டும் நேரம் இருந்தது. நூற்று முப்பத்தெட்டு மணி. யாவ் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, இந்த ஸ்கோர் நீங்களா எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலாளியும் அந்த எண்ணைக் கொஞ்சம் அதிக நேரம்தான் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் பையனாக இருந்தவர்.

"உனக்கு என்ன வயசு லுவோ அக்கா?"

"நாப்பத்தொம்பது."

"வேற ஒண்ணும் கிடைக்கலியா உனக்கு?"

"இல்ல முதலாளி" என்றாள். அவர் திட்டுவதற்காகக் கேட்டார். அவளோ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிட்டாள்.

அவர் தட்டியதை அழித்தார். கண்ணாடி அலமாரியிலிருந்து முதல் தொகுதியில் மிஞ்சிய ஐந்து பெட்டிகளைக் கொண்டுவரச் சொன்னார். உறை பிரிக்காதவை. "தப்பு பண்ணது நீ. ஆனா போன தடவ சரியானதப் பொறுக்கினதும் நீதான். புது மாதிரி வேணும். எது?"

சுய்லியன் முதல் பெட்டியைத் திறந்தாள். இறுக்கம். இரண்டாவது. இறுக்கம். மூன்று, நான்கு, ஐந்து. எல்லாமே இறுக்கம். எல்லாமே ஒன்று போல. மறுபடி முதலிலிருந்து திறந்தாள். பன்னிரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய விரல், மெத்தென்ற அந்த ஒரு கீலைத் தவிர வேறெதையும் இப்போது அறியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டபோதுகூட வராத அழுகை.

"எனக்குத் தெரியல முதலாளி."

"நல்லாப் பாரு."

"தெரியல. போயிடுச்சு." பெட்டிகளைப் பானின் பக்கம் தள்ளினாள். "அவளக் கேளுங்க. இது இப்படியா இருந்துச்சுன்னு அன்னிக்கே கேட்டா. நான்தான் கையெழுத்தக் காட்டி வாய அடைச்சேன்."

பான் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். ஐந்தையும் திறந்து மூடினாள். அவசரப்படவில்லை. நான்காவதைத் தனியே எடுத்து வைத்தாள். முதலாளி அதைத் திறந்து, சாய்த்து, மடியில் வைத்து, குலுக்கிப் பார்த்தார். மூடி நின்றது. புது வெள்ளைத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைப் பானிடம் நீட்டினார். அவளிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. முதலாளிகளுக்கு அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். தேநீர் வைக்கச் சொன்னார், முதல் கோப்பையை அவளுக்குக் கொடுத்தார்.

"லுவோ அக்கா, இன்னையிலிருந்து நீ தரைத்தளம். பேக்கிங்" என்றார், அவளைப் பார்க்காமல். "ஏழு மாசமா இன்னும்?"

"ஏழு."

"அங்க நாற்காலி கிடையாது."

"தெரியும்."

பேக்கிங்கில் மூடிய பெட்டியை அட்டைக்குள் வைத்து ஒட்ட வேண்டும், நாளுக்கு எண்ணூறு, நின்றபடி. மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது என்பது அங்கே முதல் விதி. அவள் தலையாட்டிவிட்டு, தொக்குப் புட்டியையும் தண்ணீர்க் குடுவையையும் எடுத்துக்கொண்டு மின்தூக்கிக்கு வந்தாள். இழுப்பறைச் சாவியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். கதவு மூடுவதற்குள் பானும் உள்ளே வந்துவிட்டாள்.

இருவரும் எண்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எட்டு சீட்டு" என்றாள் பான். "ஒவ்வொரு சீட்டுக்கும் என் புருஷனோட ஒரு சண்ட. ஸ்பிரிங் சரியாத்தான் இருக்குன்னு அந்த மனுஷன் தலையால அடிச்சுக்கிட்டான். நான்தான் நம்பல."

"ம்."

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத."

"நெனைக்கல."

இரண்டாவது மாடியில் கதவு திறந்தது. பான் வெளியே இறங்கினாள். இறங்கியவள் திரும்பி, கதவு மூடாதபடி காலை வைத்தாள். "அது என்ன ஆட்டம்? கடைசில என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. போகப் போகக் கட்டை வேகமா விழும். அப்புறம் கை ஓடாது. முடிஞ்சிடும்."

"ஜெயிக்கவே முடியாதா?"

"முடியாது. எவ்வளவு நேரம் தாங்கறோம், அவ்வளவுதான்."

பான் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் இடுப்பைப் பார்த்தாள்.

"ஏழு மாசம்தானே. தாங்கிடு" என்று சொல்லிவிட்டுக் காலை எடுத்தாள். கதவு மூடியது. சுய்லியன் தரைத்தளத்துக்குப் போனாள்.